அடையாறுக்குக் கொண்டுபோன மண்

போனவர்கள்: காசியம்மாள். கன்னியப்பன். அவர் சம்சாரம் பச்சையம்மாள். நான். வண்டி ஓட்டியவர் தனசேகர்.

காசியம்மாள் எங்கள் குழுவுக்குத் தலைவி. கன்னியப்பன்தான் எங்களில் முதலில் யூரியாவை நிறுத்தியவர். பச்சையம்மாள் பஞ்சகவ்யம் கலக்குகிறவர். நான் எட்டாவது வரை படித்தவன். அதனால் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. தனசேகர் மெட்ராஸ்காரர். எங்கள் பக்கம் குட்டி யானை வண்டியில் வந்து கத்திரிக்காய், வெண்டைக்காய் ஏற்றிக்கொண்டு போவார். போகிற வண்டியில் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றார். டீசலுக்கு ஒன்றும் வாங்கவில்லை.

ஏன் போனோம் என்பது குழுவில் இருக்கும் ஏழு வீட்டுக்கும் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மண்ணைக் காத்து விவசாயம் செய்கிற குழுவுக்கு அரசு மூன்று வருடம் துணை நிற்கும். வரப்பு உயர்த்தித் தருவார்கள். பண்ணைக் குட்டை வெட்டித் தருவார்கள். மடக்கி உழுது உரமாக்கச் சணப்பு, தக்கைப்பூண்டு விதை தருவார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று கையிலும் வரும். அதுவரை நிலம் மனைக்குப் போகக்கூடாது. வட்டாரத்துக்கு ஒரு குழு. அதைத் தேர்வு செய்வது சென்னையில், அடையாறில் ஒரு பயிற்சிக் கூடத்தில்.

காசியம்மாளுக்கு இரண்டு ஏக்கர். அவள் பேரும் தம்பி ஏழுமலை பேரும் சேர்ந்த பட்டா. மருந்து அடிக்காத மூன்று வருடமும் விளைச்சல் குறைவுதான். ஏழுமலைக்கு அலுத்துவிட்டது. மனை போடுகிறவர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போயிருக்கிறார். ஏழுமலை அக்காவிடம் சொன்னான்: உதவி வந்தால் நிலம் இருக்கட்டும், வராவிட்டால் நீயும் கையெழுத்துப் போடணும். காசியம்மாள் சரி என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

நிலத்து மண் கொண்டுவாருங்கள், தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள் என்று போனில் சொன்னார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

எங்களுக்கு மண் கொடுத்துப் பழக்கம் உண்டு. முன்பு மண் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். நிழலில் உலர்த்தி, கட்டியை உடைத்து, கல் வேர் பொறுக்கிவிட்டுத் தரச் சொல்வார்கள். அதேபோலச் செய்தோம். அதற்கு மேலும் செய்தோம். பெரிய ஆட்கள் பார்க்கப்போகிற மண். தார்ப்பாயில் கொட்டி உலக்கையால் குத்தினோம். பச்சையம்மாள் மாவுச் சல்லடை கொண்டுவந்து இரண்டு முறை சலித்தார். வைக்கோல் துண்டு, சாணித் திப்பி எல்லாம் போச்சு. மண்புழு இருந்தது. அதைப் பொறுக்கி வாழை மரத்தடியில் விட்டோம். கடைசியில் மண் கேழ்வரகு மாவு மாதிரி இருந்தது. புது மஞ்சப்பையில் கட்டினோம். ஒரு வீட்டிலிருந்து வெளியே ஒரு பொருள் போகிறதென்றால் நாங்கள் அப்படித்தான் அனுப்புவோம்.

காலை நாலரை. ஊரிலிருந்து மதுராந்தகம் பதினான்கு கிலோமீட்டர். பெண்கள் இருவரும் முன்னால். நானும் கன்னியப்பனும் பின்னால், கத்திரி மூட்டைகளுக்கு நடுவில். மண் பை என் மடியில். பரனூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. தாம்பரத்தில் விடிந்தது. சாலையின் இரு பக்கமும் மனை விளம்பரப் பலகைகள். கன்னியப்பன் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். பிறகு நிறுத்திவிட்டார்.

ஏழு மணி, தி.நகர். கடைத்தெருவுக்குப் பின்சந்தில் ஒரு காய்கறிக் கடையில் பாதி மூட்டை இறங்கியது. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். காயைத் திருப்பிப் பார்க்காமலே உள்ளே அனுப்பினார். இட்லி இரண்டு முப்பது ரூபாய். பச்சையம்மாள் ஒன்றைத் தின்று, ஒன்றை இலையில் மடித்து வைத்துக்கொண்டார். ஜவுளிக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. மூடியிருந்த கண்ணாடிக் கதவுக்குள் பொம்மைகள் பட்டுப்புடவை கட்டி நின்றன.

எட்டேகால், மயிலாப்பூர். குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் தனசேகருக்கு வாடிக்கை வீடுகள் உண்டு. மருந்தில்லாத காய் என்று சொல்லி எங்கள் கத்திரியை அங்கே தனியாக விற்பார். ஒரு அம்மா படியிறங்கி வந்து ஒவ்வொரு காயாக எடுத்துப் பார்த்தார். ஒன்றில் ஓட்டை இருந்தது.

"ஏம்ப்பா, மருந்தில்லைன்னு சொல்லிண்டு புழுவைன்னா கொண்டுவந்திருக்கே?"

"மர்ந்து இல்லன்னாதான் மாமி புழு கீது. புழுவுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாதா?"

அந்த அம்மா சிரித்தார். ஆனாலும் ஓட்டையில்லாத காயாகப் பார்த்து ஒரு கிலோ வாங்கிக்கொண்டார். அறுபது ரூபாய். பச்சையம்மாள் வண்டியில் ஏறி, மீதிக் காயிலிருந்து ஓட்டைக் காய்களைப் பொறுக்கித் தனியே போட்டுக்கொண்டே வந்தார்.

ஒன்பதே முக்கால், அடையாறு. ஆற்றுப் பாலம் தாண்டி இடது பக்கம். கூடத்தின் வாசலில் பந்தல். உள்ளே மின்விசிறிகள். வரிசையாக மேசை, மேசை மேல் கண்ணாடி ஜாடிகள். ஜாடிக்குள் தண்ணீர். தண்ணீருக்குள் சின்னக் கம்பி வலை தொங்கியது. எங்களுக்கு அது எதற்கென்று தெரியவில்லை.

முன்னால் நின்ற குழு கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. முட்டை அடுக்குகிற அட்டை வைத்திருந்தார்கள். நான் முட்டை என்றுதான் நினைத்தேன். அட்டையைத் திறந்தார்கள். முட்டைக்குப் பதிலாக ஒவ்வொரு குழியிலும் ஒரு மண்கட்டி. எலுமிச்சம்பழ அளவு. வேரும் வைக்கோலும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கட்டியை எடுத்து வலை மேல் வைத்துத் தண்ணீரில் இறக்கினார்கள். கட்டி அப்படியே நின்றது. தண்ணீர் தெளிவாக இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

என் கையில் இருந்த மஞ்சப்பையை அழுத்திப் பார்த்தேன். காசியம்மாளைப் பார்த்தேன். அவள் முட்டை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் முறை வந்தது. மேசையில் இருந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். மஞ்சப்பையை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டார். விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"ரொம்ப சுத்தமா இருக்கும்மா" என்றார்.

பச்சையம்மாள் முகம் மலர்ந்தது. அந்த ஒரு நிமிடத்தை நான் மறக்க மாட்டேன்.

"ரெண்டு வாட்டி சலிச்சேம்மா" என்றார் அவர்.

அதிகாரி பையை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார். உயிருள்ள மண் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு இருக்கும். புழுவும் வேரும் பூஞ்சையும் சேர்ந்து ஒட்டவைத்திருக்கும். தண்ணீரில் போட்டாலும் கரையாது. வெறும் உரம் தின்ற மண் போட்டதும் கரைந்து வலைக்குக் கீழே போய்விடும். மழையில் எந்த நிலம் அடித்துக்கொண்டு போகும், எது நிற்கும் என்று இதில் தெரியும். அதற்குக் கட்டி வேண்டும். உடைக்காத கட்டி.

"பரிசோதனைக்குத் தூளாத்தானேம்மா கேப்பாங்க?" என்றார் கன்னியப்பன்.

"அது லேபுக்கு ஐயா. இது வேற. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"மண்ணுன்னு சொன்னாங்க. மண்ணுதான் கொண்டாந்தோம்."

அந்தப் பெண் எழுந்து பெரிய அதிகாரியிடம் போனார். எங்களைக் காட்டி ஏதோ பேசினார். திரும்பி வந்து, நாலரை மணிக்குத் தேர்வுக் குழு முடிவெடுத்துவிட்டு எழுந்துவிடும், அதற்குள் உங்கள் நிலத்துக் கட்டி ஒன்று வந்தால் பார்ப்பார்கள் என்றார். அவர் மேல் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. போனில் சொன்னவர் மேலும் நான் சொல்ல மாட்டேன். கட்டி என்று தனியாகச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. உடைப்போம் என்று அவர் நினைக்கவில்லை. உடைக்கக்கூடாது என்று நாங்கள் நினைக்கவில்லை.

பதினொன்றுக்குப் பந்தலுக்கு வெளியே நின்று காசியம்மாள் ஏழுமலைக்குப் போன் போட்டாள். வேறு யாருக்குப் போடுவது? நிலத்துக்குப் பக்கத்தில் இருப்பவன் அவன்தான். மண் வராவிட்டால் அவன் கேட்டது நடக்கும். அதுவும் அவளுக்குத் தெரியும். நடந்ததைச் சொன்னாள். பிறகு அவன் கேட்டது எனக்கும் கேட்டது.

"எந்த எடத்துல வெட்டணும்?"

சணப்பு மடக்கி உழுத கிழக்குப் பாத்தியில் என்றாள். உடையாமல் என்றாள். காய்ந்த கட்டியாக என்றாள். அடையாறு பஸ் பணிமனைக்கு வா, நாங்கள் அங்கே நிற்கிறோம் என்றாள். போனை வைத்த பிறகும் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வருவானா?" என்றார் கன்னியப்பன்.

"எடத்த கேட்டானே" என்றாள்.

தனசேகர் சரக்கெல்லாம் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். விஷயம் சொன்னோம். அவர் சிரித்தார்.

"இதுக்கா நைனா மொகம் தொங்கிக்கினு கீது? மண்ணு கட்டி தானே? அவங்க இன்னா உன் ஊரு மண்ணுன்னு மோந்தா பாக்கப்போறாங்க? வா, நான் பொறந்த எடத்துலயே எட்த்துத் தரேன். ஆத்தங்கர மண்ணு. செம்ம மண்ணு."

காசியம்மாள் வேண்டாம் என்றாள். கன்னியப்பன் வண்டியில் ஏறிவிட்டார். சும்மா நிற்பதற்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எல்லாரும் ஏறினோம்.

கோட்டூர்புரம். பெரிய நூலகத்தைத் தாண்டி, ஆற்றோரம் வண்டியை நிறுத்தினார். கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கன்றுகள் நட்டிருந்தார்கள். ஆள் யாரும் இல்லை. இங்கேதான் அவர் வீடு இருந்ததாம். அவர் அப்பா இங்கே மாடு வைத்திருந்தாராம். வெள்ளம் வந்தபிறகு எல்லாரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது அங்கே அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். காலையில் கோயம்பேடு, மதுராந்தகம் என்று எங்கே போனாலும் இந்த வழியாகத்தான் திரும்புவாராம். சுற்றுதான், இருந்தாலும் வருவாராம்.

வேலியில் ஒரு இடைவெளி அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே போய்ச் சாவியால் கிளறி ஒரு கட்டியை எடுத்துவந்தார். நல்ல கறுப்பு. கையில் உருட்டிக் காட்டினார்.

"பாரு யக்கா. எங்கப்பன் மாட்டுச் சாணி அல்லாம் இதுல கீது."

எதிரில் டீக்கடை. ஆளுக்கொரு டீ, பதினைந்து ரூபாய். தனசேகர் ஒரு காலிக் கண்ணாடித் தம்ளர் கேட்டு வாங்கி, தண்ணீர் ஊற்றி, கட்டியை மெதுவாகப் போட்டார். கை எடுப்பதற்குள் கட்டி உடைந்தது. ஒரு மூச்சு விடுவதற்குள் தம்ளர் முழுக்கக் கலங்கல். அடியில் சிமெண்டுத் தூள், ஒரு பிளாஸ்டிக் துண்டு, நீல நிறத்தில் சின்ன ஓட்டுச் சில்லு.

"டீயில சக்கர கம்மின்னா சொல்லு தனா. மண்ணு போட்டுக் குடிப்பியா?" என்றார் கடைக்காரர்.

தனசேகர் சிரிக்கவில்லை. விரலை விட்டு நீலச் சில்லை எடுத்துத் துடைத்துப் பார்த்தார்.

"இது மண்ணே இல்ல நைனா. கட்டட ரப்பீஷு. வூட்ட இட்ச்சதும் இங்கயே நெரவிட்டானுங்க போல."

அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் தம்ளரைக் கழுவிக் கொடுத்தார். நீலச் சில்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மதியம் சாப்பாடு தொண்ணூறு ரூபாய். ஒரு சாப்பாட்டை இருவராகச் சாப்பிட முடியாது என்றார்கள். பெண்கள் சாப்பிடவில்லை. இரண்டு மணிக்கே அடையாறு பணிமனை வாசலில் போய் நின்றோம். வெயில். பஸ் வந்தது, ஆள் இறங்கியது, ஆள் ஏறியது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் காசியம்மாள் எழுந்தாள். பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கையில் பை வைத்துக்கொண்டு வழி கேட்டார்கள். எங்களிடம்கூடக் கேட்டார்கள். எங்களைப் பார்த்தால் வெகுநாள் அங்கே நிற்கிறவர்கள் மாதிரி தெரிந்திருக்கும்.

மூன்று மணிக்கு ஏழுமலை போன் செய்தான். ஊருக்கு வெளியே, கிளாம்பாக்கம் புது பஸ் நிலையத்தில் இருக்கிறானாம். பஸ் கிண்டி வரை வரும் என்று நினைத்து உட்கார்ந்தே இருந்திருக்கிறான். எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். நடத்துநர் வந்து, வண்டி இதற்கு மேல் போகாது, டவுன் பஸ் பிடி என்று சொன்ன பிறகுதான் இறங்கியிருக்கிறான். அவன் கடைசியாகச் சென்னை வந்தபோது பஸ் உள்ளே வரை வந்தது. நாங்கள் தனசேகர் வண்டியில் வந்ததால் எங்களுக்கும் அது நினைவில் இல்லை. தனசேகரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கத் தோன்றவில்லை.

நான் நாலேகாலுக்குக் கூடத்துக்கு ஓடினேன். அந்தப் பெண் அதிகாரி மற்ற ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டிருந்தார். ஒரே ஒரு ஜாடியில் மட்டும் தண்ணீர் வைத்திருந்தார். வலையும் தொங்கியது. எங்களுக்காகத்தான். வந்துகொண்டிருக்கிறது என்றேன். சரி என்றார். நாலரை ஆனது. பெரியவர்கள் எழுந்தார்கள். இவர் போய் இன்னும் பத்து நிமிடம் என்று கேட்டார். உட்கார்ந்தார்கள். பத்து நிமிடமும் போனது. எங்கள் வட்டாரத்துக்கு வேறு ஊர்க் குழுவின் பெயரைப் படித்தார்கள். நல்ல குழுதான். அவர்கள் கட்டி நின்றதை நானே பார்த்தேன்.

"அடுத்த வருஷம் கண்டிப்பா வாங்க ஐயா" என்றார் அந்தப் பெண். ஜாடித் தண்ணீரைச் செடியில் ஊற்றினார்.

அவருக்கு எங்கள் ஏழு வீட்டைத் தெரியும். காசியம்மாள் தம்பியிடம் கொடுத்த வார்த்தை தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

பணிமனைக்குத் திரும்பி வந்து மற்றவர்களிடம் சொன்னேன். ஐந்து இருபதுக்கு ஏழுமலை இறங்கினான். கையில் எவர்சில்வர் தூக்கு. நெஞ்சோடு அணைத்திருந்தான். சட்டை முழுக்க வேர்வை. கிண்டியிலிருந்து நின்றுகொண்டே வந்திருக்கிறான். கூட்டத்தில் யாரோ தூக்கைக் கீழே வைக்கச் சொன்னதற்கு, உள்ளே குழந்தைக்குச் சோறு என்று சொல்லியிருக்கிறான்.

அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் தூக்கைத் திறந்தான். உள்ளே முழுக்க நெல் உமி. உமிக்குள் கை விட்டு ஒரு கட்டியை எடுத்தான். ஒரு மூலைகூட உடையவில்லை.

காசியம்மாள் ஒரு கரும்புச்சாறுக் கடையில் கண்ணாடித் தம்ளர் கேட்டாள். தண்ணீர் ஊற்றினாள். கட்டியை அவளே இறக்கினாள்.

குமிழி வந்தது. சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது. கட்டி நின்றது. ஒரு வேர் நிமிர்ந்து தண்ணீரில் ஆடியது. தம்ளருக்கு அந்தப் பக்கம் போகிற பஸ்ஸின் சிவப்புத் தெரிந்தது. அவ்வளவு தெளிவு.

ஆறு பேரும் அங்கேயே நின்றோம். பச்சையம்மாள் அழுதார். சத்தம் வரவில்லை. ஏழுமலை குனிந்து கண்ணை எடுக்காமல் பார்த்தான். அவன்தான் ரொம்ப நேரம் பார்த்தான்.

"கரையலயேக்கா" என்றான்.

"மூணு வருசம்டா."

"நான் இத பாத்ததில்ல."

"நானுந்தான் பாத்ததில்ல."

கரும்புச்சாறுக்காரருக்குத் தம்ளர் வேண்டியிருந்தது. காசியம்மாள் கட்டியை எடுத்து உமியில் வைத்தாள். ஏழுமலை மூடினான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மனை போடறவன் திங்கக்கெழம வர்றேன்னிருக்கான்க்கா. முன்பணம் கைநீட்டி வாங்கிட்டேன். நீ இங்க வந்ததும் காலையிலயே வந்தான். எப்படியும் கெடைக்காதுன்னு நெனச்சேன். போன் வந்தது அதுக்கப்புறம்."

காசியம்மாள் திட்டவில்லை. அடிக்கவில்லை. தூக்கை அவனிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் முன்பக்கம் ஏறினாள்.

"சொன்னது சொன்னதுதான்" என்றாள்.

திரும்பும்போது தனசேகர் கோட்டூர்புரம் வழியாகப் போகவில்லை. நேராகக் கிண்டிக்கு விட்டார். குதிரைப் பந்தய மைதானத்து மதில் ஓரம் கொஞ்ச தூரம் மரங்கள். அங்கே மட்டும் காற்று குளிர்ந்தது. பிறகு கத்திப்பாரா, பிறகு மறுபடி மனைப் பலகைகள். கன்னியப்பன் இந்த முறை படிக்கவில்லை. ஏழுமலை எங்களோடு பின்னால் காலி மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தான். அவன் முழங்கையில் உமி ஒட்டியிருந்தது.

சென்னை எப்படி என்று ஊரில் கேட்டார்கள். நல்ல ஊர்தான். வழி கேட்டால் சொல்கிறார்கள். எங்களுக்காக ஒரு ஜாடித் தண்ணீரைக் கொட்டாமல் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் நாங்கள் மூன்று வருடம் செய்ததை அங்கே போய்த்தான் கண்ணால் பார்த்தோம். பார்த்த நேரம் பிந்திவிட்டது.

மீதி ஆறு வீடும் அடுத்த வருடம் போகவேண்டும். போகிறவர்கள் கட்டியை உடைக்காதீர்கள். வேரைப் பொறுக்காதீர்கள். நிழலில் காயவையுங்கள். உமியில் வைத்தால் போதும், உடையாது. அது ஏழுமலை காட்டிக்கொடுத்தது.

காசியம்மாள் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டாள். கிழக்குப் பாத்தியில் ஜேசிபி நின்று வரப்பை நிரவியது. கல் நட்டு வெள்ளை அடித்திருக்கிறார்கள். நேற்று அந்தப் பக்கம் மாடு ஓட்டிப் போனபோது எண்ணினேன்.

அறுபத்தெட்டு கல்.